க்யூ உள்ள ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்கள்: பட்டியல் கேட்ட தம்பிக்கு

அரியாங்குப்பத்திலிருந்து ஒருவர் கேட்டது: "பெண் ஆறாம் வகுப்பு. க்யூ, யூ, ஐ மூன்றும் இருக்கிற ஐந்தெழுத்து இங்கிலீஷ் வார்த்தைகளாகப் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை காட்ட வேண்டும். டீச்சர் யாராவது இருந்தால் பட்டியல் போடுங்கள், அப்படியே மனப்பாடம் பண்ண வைத்துவிடுகிறேன். இதெல்லாம் எதற்கு உதவும் என்றுதான் புரியவில்லை."

ஜூன் 21, இரவு 9.10

பட்டியல் முதலில், பேச்சு அப்புறம். குவிக், குவயட், குவைட், குவில்ட், குவில், குவிர்க், குவயர், குவிஃப், ஈக்விப், ஸ்குவிட், ஸ்குவிப், குவேசை, பீக், காயின். இதில் பீக் என்பது மலையுச்சி இல்லை, பி ஐ க்யூ யூ இ என்று எழுதுகிற பீக், ரோஷம் என்று பொருள். காயினும் நாணயம் இல்லை, க்யூ யூ ஓ ஐ என், கட்டடத்தின் மூலையில் வைக்கிற கல். எஸ் சேர்த்துப் பன்மையாக்கினால் குவிப்ஸ் மாதிரி இன்னும் சில கிடைக்கும்.

ஆனால் மனப்பாடம் வேண்டாம் தம்பி. மஞ்சக்குப்பத்தில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன், இந்த மாதிரிப் பட்டியலோடு வராத பிள்ளை கிடையாது. வரிசையாக ஒப்பிக்க வைத்தால் திங்கட்கிழமை கடகடவென்று சொல்லிவிடுவாள், வியாழக்கிழமை கேட்டால் குவிக் ஒன்றுதான் மிச்சம் இருக்கும். ஒவ்வொரு சொல்லையும் அவளுக்குத் தெரிந்த ஏதாவது ஒன்றில் மாட்டிவிடுங்கள். ஸ்குவிட் என்றால் கணவாய் மீன். அரியாங்குப்பத்துப் பிள்ளைக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஜூன் 21, இரவு 9.45

குவயர் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. கடையில் போய் "ஒரு குயர் கோடு போட்ட நோட்டு" என்று கேட்கிறாள் இல்லையா, அந்தக் குயர்தான் இது. க்யூ யூ ஐ ஆர் இ. ஒரு குயருக்கு 24 தாள், 25 என்றும் கணக்கு உண்டு. இருபது குயர் சேர்ந்தால் ஒரு ரீம். பிள்ளைகள் வருஷா வருஷம் ஜூன் மாதம் வாய்நிறையச் சொல்கிற வார்த்தை, அதை எழுதத் தெரியுமா என்றால் கே போட்டு ஆரம்பிப்பார்கள். நோட்டைக் கையில் கொடுத்து அட்டை மேலேயே எழுத வையுங்கள், ஆயுசுக்கும் மறக்காது.

குவயட், குவைட் இரண்டும் ஒரே ஐந்து எழுத்து, கடைசி இரண்டு மட்டும் இடம் மாறியவை. இ டி என்று முடிந்தால் அமைதி, டி இ என்று முடிந்தால் 'ஓரளவு' அல்லது 'முழுக்க'. பத்தாம் வகுப்பிலும் இதை மாற்றி எழுதுகிறார்கள். வேரும் இரண்டுக்கும் ஒன்றுதான், லத்தீனில் ஓய்வு, அமைதி என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தவை. ஒட்டிப் பிறந்தவை என்று சொல்லிக்கொடுத்தபிறகு பிள்ளைகள் நின்று யோசித்து எழுதுகிறார்கள்.

ஜூன் 22, காலை

நெய்வேலியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார், க்யூ ஏன் எப்போதும் யூவைக் கூட்டிக்கொண்டே வருகிறது என்று. நல்ல கேள்வி, பாடப்புத்தகத்தில் 'விதி' என்று போட்டு முடித்துவிடுகிறார்கள்.

பழைய ஆங்கிலத்தில் குவீன், குவிக் எல்லாம் சி டபிள்யூ என்ற எழுத்துகளில் எழுதப்பட்டவை. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு ஏட்டில் எழுதுகிற வேலை பிரெஞ்சுப் பழக்கம் உள்ளவர்கள் கைக்குப் போயிற்று. அவர்கள் தங்கள் ஊர் வழக்கப்படி அதே ஒலியை க்யூ யூ என்று எழுத ஆரம்பித்தார்கள், அது நின்றுவிட்டது. சொல் ஆங்கிலம், சட்டை பிரெஞ்சு. குவிக்குக்கு அந்தக் காலத்தில் 'உயிருள்ள' என்றுதான் பொருள், வேகம் என்பது பின்னால் வந்தது.

இதை ஒரு தடவை கதையாகச் சொல்லிவிட்டால் பிள்ளை க்யூவைப் பார்த்ததும் யூவைத் தானாக எழுதும். ஐந்தெழுத்தில் இரண்டு எழுத்து முடிந்தது, தேட வேண்டியது மூன்றுதான்.

ஜூன் 22, மாலை

"யூ இல்லாமல் க்யூ வரவே வராது" என்று கீழே ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். அப்படி இல்லை. ஃபகீர், நிகாப், தலாக், கிப்லா, கனாத், இந்த ஐந்தும் ஆங்கில அகராதிகளில் இருக்கின்றன, ஐந்தும் ஐந்தெழுத்து, ஒன்றிலும் யூ கிடையாது. புர்காவில் யூ உண்டு, ஆனால் க்யூவுக்குப் பக்கத்தில் இல்லை. காரணம், இவை நார்மன் ஏட்டுக்காரர்கள் கை படாமல் அரபு, பாரசீகம் வழியாக வந்தவை. அரபியில் காஃப் என்று தொண்டையின் அடியிலிருந்து வருகிற ஒலி ஒன்று உண்டு, அதை ஆங்கில எழுத்தில் காட்டத்தான் இந்த க்யூ. குருமாவைக்கூட சிலர் க்யூ போட்டு எழுதுவது அதனால்தான்.

பரங்கிப்பேட்டையிலிருந்து வந்து எங்கள் தெருவில் குடியிருக்கிற குடும்பத்துப் பெண் என்னிடம் படிக்கிறாள். கிப்லா என்று நான் சொன்னதும் "அது தொழும்போது பார்க்கிற திசை மிஸ்" என்று அவள் மற்ற பிள்ளைகளுக்கு விளக்கினாள். கனாத்தின் பொருளைத்தான் நான் சொல்ல வேண்டியிருந்தது. ஈரானில் மலையடிவாரத்து நிலத்தடி நீரைச் சுரங்கம் வெட்டி ஊருக்குக் கொண்டுவருகிற வாய்க்கால்.

ஜூன் 24

வேர்டில் விளையாடுகிறவர்கள் இங்கே வந்து சேர்ந்துவிட்டீர்கள். சந்தோஷம். தெரியாதவர்களுக்கு: மறைந்திருக்கிற ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, இருக்கிறது ஆனால் இடம் தப்பு என்றால் மஞ்சள், இல்லவே இல்லையென்றால் சாம்பல். வேல்ஸில் பிறந்து நியூயார்க்கில் வேலை பார்த்த ஜோஷ் வார்டில் என்ற மென்பொருள் பொறியாளர், வார்த்தை விளையாட்டுப் பிரியரான தன் துணைக்காகச் செய்தது, வார்டில் என்ற பெயரும் வேர்ட் என்பதும் சேர்ந்த பெயர். 2021 அக்டோபரில் பொதுவில் விட்டார். நவம்பர் முதல் தேதி விளையாடியவர்கள் 90 பேர், புத்தாண்டு முடிந்த கையோடு மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. 2022 ஜனவரி கடைசியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கிக்கொண்டது.

இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. ஆங்கிலத்தில் ஐந்தெழுத்தாக அகராதியில் கிடைப்பவை பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். அவற்றை அவருடைய துணை பாலக் ஷா உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, இது தெரியும், இது தெரியாது என்று பிரித்துக்கொடுத்தார். விடையாக வருகிற பட்டியல் அப்படித்தான் இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கியது. பள்ளிக்கூடத்தில் பட்டியல் கொடுக்கிறவர்களிடம் நான் கேட்பதும் இதைத்தான். பிள்ளை வாழ்க்கையில் ஒருமுறையாவது சந்திக்கப்போகிற சொல்லா என்று பார்த்துப் பிரித்துக் கொடுங்கள்.

ஜூன் 24, இரவு

எந்த எழுத்தை முதலில் சோதிப்பது என்று கேட்டவருக்கு. இ, ஏ, ஆர், ஓ, டி (டேபிளின் முதலெழுத்து), எல், ஐ, எஸ், என், இவைதான் ஐந்தெழுத்துச் சொற்களில் அதிகம் புழங்குபவை. க்ரேன், ஸ்லேட் என்று பலரும் ஆரம்பிப்பது அதனால்தான். ஸ்லேட்டின் ஐந்து எழுத்தை இடம் மாற்றினால் லீஸ்ட், ஸ்டேல், ஸ்டீல் (எஃகு இல்லை, திருடுவது), டேல்ஸ் என்று வரிசையாக வரும். சுவரில் ஆணியடித்து மாட்டிவைக்க வேண்டிய ஐந்து எழுத்து.

எழுத்துகளை எண்ணிப் பார்க்கும் பழக்கம் பழையது. 1930-களில் அமெரிக்காவில் வேலை போன ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற கட்டடக் கலைஞர், செய்தித்தாளின் முதல் பக்கத்தில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அதை வைத்துத்தான் பின்னால் ஸ்கிராபிள் ஆன விளையாட்டை அமைத்தார். அதில் இ எழுத்துக்கு 12 சில்லு, க்யூவுக்கு ஒன்றே ஒன்று, ஆனால் அதற்கு 10 புள்ளி. எஸ் நான்குதான் வைத்தார். நிறைய வைத்தால் ஆளாளுக்குப் பன்மை போட்டே புள்ளி சேர்த்துவிடுவார்கள். மேலே நான் பன்மைகளைப் பட்டியலின் வாலில் தள்ளியதற்கும் இதுதான் காரணம்.

ஜூன் 27

நேற்று திண்ணையில் நடந்ததை எழுதுகிறேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு அட்டைக்கு ஓர் எழுத்து எழுதி வைத்திருக்கிறேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஐ, ஜி, ஹெச், டி நான்கையும் தரையில் ஒட்டி ஒட்டி வைத்துவிட்டு, முன்னால் ஒவ்வோர் அட்டையாக நகர்த்திக்கொண்டு வந்தாள். எல் வைத்தாள், லைட். எடுத்துவிட்டு என், நைட். அப்புறம் ஆர், எஃப், எம், எஸ், இன்னொரு டி. இ வைத்ததும் ஓசை மாறி எய்ட் ஆனது, அவளே அதிர்ந்துபோய் என்னைப் பார்த்தாள். மொத்தம் எட்டு. "மிஸ், எட்டு வார்த்தையில எட்டும் இருக்கு" என்று பக்கத்தில் இருந்த பையன் சொல்ல, அதற்குப் பிறகு அரைமணி நேரம் பாடம் நடக்கவில்லை.

வேர்டில்காரர்களுக்கு இது பெரிய பள்ளம். இரண்டாவது முயற்சியிலேயே நான்கு பச்சை விழுந்துவிடும், அப்புறம் லைட், நைட், ரைட் என்று ஒவ்வொன்றாகப் போட்டு ஆறும் தீர்ந்துபோகும். அப்படி மாட்டினால் ஒருமுறை பச்சையை மறந்துவிட்டு ஃபார்ம்ஸ் என்று போடுங்கள். எஃப், ஆர், எம், எஸ் நான்கும் ஒரே அடியில் தெரிந்துவிடும். அது விடையாக இருக்காது என்று தெரிந்தே போடுவது, ஆனால் அந்த ஒரு முயற்சி நான்கு முயற்சியை மிச்சப்படுத்துகிறது.

அந்த ஜி ஹெச் எதற்கு என்று பிள்ளைகள் கேட்காமல் இருப்பதில்லை. ஒரு காலத்தில் அதைத் தொண்டையை உரசி உச்சரித்தார்கள். ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் இரவு, வெளிச்சம் இரண்டுக்கும் தங்கள் சொற்களில் அந்த ஒலியைச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒலி போய்விட்டது, எழுத்து மட்டும் தங்கிவிட்டது. நைஃப், நாக் முன்னால் நிற்கிற கே எழுத்தும் அப்படி ஒரு காலத்தில் பேசியதுதான்.

ஜூன் 28

சிறு குறிப்பு. வி, ஜே இரண்டும் ஆங்கிலச் சொல்லின் கடைசியில் நிற்பது அபூர்வம். யூவும் வியும் ஒரே எழுத்தாக இருந்த காலம் ஒன்று உண்டு, கடைசியில் வெறுமனே விட்டால் எது என்று குழம்பும், அதனால் ஒரு இ எழுத்தைக் காவலுக்கு நிறுத்தினார்கள். லவ், கிவ், ஹேவ், க்ளவ், அபவ், சால்வ் எல்லாம் அந்தக் கூட்டம். ஜே ஒலியில் முடிய வேண்டுமென்றால் டி (டாக் என்பதன் முதலெழுத்து) ஜி இ: ஜட்ஜ், பேட்ஜ், லாட்ஜ், ரிட்ஜ், வெட்ஜ், ஹெட்ஜ், நட்ஜ், டாட்ஜ். ஐந்தெழுத்துத் தேடுகிறவர்களுக்கு இது அள்ள அள்ளக் குறையாது. ராஜ், தாஜ் என்று ஜேயில் முடிபவை நம் பக்கத்திலிருந்து போனவை.

உயிரெழுத்தே இல்லாமல் ஐந்தெழுத்து கேட்டவருக்கு: க்ரிப்ட், நிம்ஃப், லிம்ஃப், ட்ரிஸ்ட், பிக்மி, மிர். இவற்றில் உயிரெழுத்தின் வேலையை ஒய் செய்கிறது. மிர் என்பது வெள்ளைப்போளம், எம் ஒய் ஆர் ஆர் ஹெச்.

ஜூலை 2

"கேஷ் என்ற நான்கெழுத்துச் சொல் நம்முடைய காசுதான்" என்று ஒருவர் பெருமையோடு போட்டிருக்கிறார், பத்து பேர் கைதட்டியிருக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். ஆங்கிலத்தில் கேஷ் இரண்டு. நாம் கடையில் சொல்கிற கேஷ், பணப்பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து போனது. இன்னொரு கேஷ் உண்டு, தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சிறு நாணயத்துக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர், அதுதான் போர்ச்சுக்கீசியர் வழியாகப் போன நம் காசு. எழுத்து ஒன்றானாலும் வேர் வேறு. நம் மொழியிலிருந்து போனதாகக் காட்ட உறுதியான சொற்கள் எத்தனையோ இருக்கும்போது அரைகுறையை எதற்குப் பிடித்துத் தொங்க வேண்டும்?

நம் கட்டுமரத்திலிருந்து போன கேட்டமரான் ஒன்று போதும். ஒன்பது எழுத்து, அதில் நான்கு ஏ, வேறு உயிரெழுத்தே கிடையாது. தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவன் என்னிடம் வந்துகொண்டிருந்தான், ஸ்பெல்லிங் என்றாலே ஓடுவான். இந்த ஒரு சொல்லை மட்டும் நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. அட்டைகளைக் கொடுத்து, "உங்க அப்பா கடலுக்குப் போற மரத்தை இங்கிலீஷ்ல எழுது" என்றேன். உதட்டை அசைத்துக்கொண்டே சி, ஏ, டி, ஏ என்று அடுக்கினான். ஏ அட்டை மூன்றுதான் இருந்தது. நான்காவதுக்கு ஒரு அட்டையைத் திருப்பிப்போட்டு அவனே பேனாவில் எழுதிக்கொண்டான். அந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன், ஏ எழுத்தின் குறுக்குக்கோடு கட்டுமரக் கயிறு மாதிரி கொஞ்சம் தளர்ந்து தொங்கும்.

கறி ஐந்தெழுத்துக் கரி ஆனது. சுருட்டு ஏழெழுத்துச் செரூட் ஆனது. வெட்டிவேர் அப்படியே ஏழெழுத்து வெட்டிவர். அணைக்கட்டு ஆறெழுத்து அனிகட், கஞ்சி ஆறெழுத்துக் காஞ்ஜீ. மிளகுதண்ணி மட்டும் பன்னிரண்டு எழுத்துக்கு நீண்டுவிட்டது.

ஜூலை 3

ஒரு விஷயத்தில் என் எண்ணம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. எழுத்து, நீளம் என்று வைத்துச் சொல் தேடுவதைப் பள்ளிக்கூடம் கொடுக்கும்போது எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். ஆனால் இந்த இரண்டு வாரத்தில் நீங்கள் எல்லோரும் எழுதியதைப் படித்தபின், நீளம் என்கிற கட்டுப்பாடு இல்லாவிட்டால் குயரும் கணவாயும் கிப்லாவும் ஒரே பலகையில் வந்து உட்கார்ந்திருக்காது என்று தோன்றுகிறது. தேடவைப்பது நல்லது. தேடியதை ஒப்பிக்கவைப்பதைத்தான் நிறுத்த வேண்டும்.

ஜூலை 6

புதுச்சேரியில் என் பெரியம்மா வீட்டுக்கு எதிரே ஒரு பாட்டி இருக்கிறார், சின்ன வயதில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவர். ஐந்து உயிரெழுத்தும் வருகிற குட்டைச் சொல் எது என்று நான் பெரியம்மா பெண்ணிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். செக்கோயா, ஏழெழுத்து, கலிஃபோர்னியாவின் வானளாவுகிற மரம். எட்டில் ஈக்குவேஷன், டயலாக், யூஃபோரியா. ஒன்பதில் எஜுகேஷன். பாட்டி முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கையை நிறுத்தி, அரிசியை ஒரு பக்கமாக ஒதுக்கி, வெறும் முறத்தில் விரலால் எழுதினார்: ஓ ஐ எஸ் இ ஏ யூ. 'வாஸோ', பறவை. ஆறே எழுத்து, அதில் ஐந்து உயிர். "எழுதினதுல பாதி சத்தத்துல வராது, அதான் பிரெஞ்சு" என்றார்.

க்யூவில் தொடங்கியதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ரேஷன் கடையில் நாம் நிற்கிற க்யூ அந்த மொழியிலிருந்து வந்தது, அங்கே அதற்கு வால் என்று பொருள். ஐந்தெழுத்து, நான்கு உயிர், பின்னால் இருக்கிற நான்கையும் எடுத்துவிட்டாலும் ஆங்கிலத்தில் ஓசை அப்படியே இருக்கும்.

ஜூலை 7

ஹ்யூமர், ஃபேவர் இரண்டையும் ஐந்தெழுத்தாக எழுதினால் தப்பா என்று கேட்ட அம்மாவுக்கு: நம் பாடத்திட்டம் பிரிட்டிஷ் வழி, அதனால் நமக்கு ஓ யூ ஆர் என்று முடிகிற ஆறெழுத்து. அமெரிக்கர்களுக்கு யூ கிடையாது, ஐந்துதான். 2022 தொடக்கத்தில் இந்த இரண்டும் வேர்டிலில் விடையாக வந்தபோது இங்கிலாந்துக்காரர்கள் கொதித்துப்போனார்கள். தேர்வுத்தாளில் ஆறெழுத்தே எழுதச் சொல்லுங்கள், விளையாட்டில் ஐந்து.

ஜூலை 11

தமிழில் இந்த மாதிரி 'இத்தனை எழுத்து' என்று விளையாடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக, ஆனால் எண்ணுவது யார் என்பதில் கவனம் வேண்டும். அம்மா நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கு ஐந்து, ஏனென்றால் யூனிகோடில் மெய்யின் புள்ளியும், ஆகாரத்தின் காலும் தனித்தனிக் குறியீடு. கடலூர் நமக்கு நான்கு, கணினிக்கு ஆறு. புதுச்சேரி நமக்கு ஐந்து, கணினிக்குப் பத்து. ஆங்கிலத்தில் அதே ஊரை எழுதினாலும் பத்தெழுத்துதான் வருகிறது.

தமிழ்ச் சொல் விளையாட்டு எழுதுகிற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், உயிர்மெய்யை ஓர் எழுத்தாக எண்ணும்படி நிரலை அமையுங்கள். 'தூ'வையும் 'து'வையும் வேறு எழுத்தாகக் காட்டுங்கள், ஆனால் மெய் ஒன்று என்பதற்கு ஒரு தனி நிறம் கொடுங்கள். 247 எழுத்தில் மஞ்சளும் பச்சையும் மட்டும் போட்டால் ஆறு முயற்சியில் யாராலும் முடிக்க முடியாது. எட்டு முயற்சியாவது கொடுத்துப் பாருங்கள். என் திண்ணைப் பிள்ளைகளிடம் கொடுத்துச் சோதிக்க நான் தயார், சனிக்கிழமை மாலையில் அனுப்பினால் அன்றைக்கே சொல்லிவிடுவார்கள்.